அகச்சிவப்புத் தலைத்தொடர் கருவி: ஆடியில் ஒழுங்காக ஓடியது, மார்கழியில் துள்ளுகிறது

தென்கடல்வாசி
டிசம்பர் 18, இரவு 9.40

வணக்கம். மண்டபத்தில் தென்கடலைப் பார்த்த வீடு என்னுடையது. எக்ஸ்-பிளேன் என்ற விமானப் பாவனை விளையாட்டில் விமானம் ஓட்டும்போது தலையைத் திருப்பினால் திரையில் பார்வையும் உடன் திரும்ப வேண்டும் என்பதற்காக, விலைக்குக் கிடைக்கும் டிராக்ஐஆர் கருவியை வாங்க மனம் ஒப்பாமல், சென்ற ஆடி மாதத்தில் நானே ஒன்றைச் செய்து முடித்தேன். பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்கான பழைய ‘ஐ’ (Eye) கேமரா ஒன்றைப் பிரித்து, லென்சுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் சிறு கண்ணாடியை எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளி உள்ளே போகாதிருக்க லென்சின் முன்னால் ஒரு கறுப்புப் படச்சுருள் துண்டை ஒட்டினேன். ஹெட்போனின் இடப்பக்கத்தில் அலுமினியப் பட்டையை வளைத்து மாட்டி, அதில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என 850 நானோமீட்டர் எல்.இ.டி. மூன்றைப் பொருத்தியிருக்கிறேன். மற்ற இரண்டும் இருக்கும் கோட்டிலிருந்து நடு விளக்கு 40 மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. மூன்றும் தொடராக இணைந்து, 22 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாகக் கணினியின் யூ.எஸ்.பி. முனையிலிருந்து 5 வோல்ட் பெறுகின்றன. தலை அசைவைக் கணிக்கும் மென்பொருள் ஓப்பன்டிராக், அதில் ஒளிப்புள்ளிகளைத் தொடரும் பாயிண்ட்டிராக்கர் பகுதி.

ஐப்பசி வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கார்த்திகையில் தொல்லை தொடங்கி இப்போது மூன்று விதமாக நிற்கிறது. பகல் இரண்டு மணிக்கு மேல் பார்வை திடீரென்று கூரைக்கோ தரைக்கோ தாவிவிடுகிறது. என் முதுகுக்குப் பின்னால் உள்ள சன்னலுக்கு அடர்ந்த கறுப்புத் திரை போட்டும் அது நிற்கவில்லை. இரவில் தாவுவதில்லை, ஆனால் நேரே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் பார்வை நடுங்கிக்கொண்டே இருக்கிறது. முன்பு இப்படி இல்லை. மூன்றாவதாக, இடப்பக்கம் 35 டிகிரி அளவுக்குத் திரும்பியதும் பார்வை அப்படியே உறைந்துபோகிறது. வலப்பக்கம் திரும்பினால் இந்தக் கோளாறு இல்லை. இந்த மூன்றாவது குறை ஆடியிலேயே சிறிதளவு இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவிப் பார்த்தேன். அதில் நடுக்கத்தை மட்டுப்படுத்தும் அக்செலா ஃபில்டரில் மென்மையைக் கூட்டினேன். நடுக்கம் குறைந்தது, ஆனால் நான் திரும்பி அரை நொடி கழித்துப் பார்வை ஆடி அசைந்து வந்து சேர்கிறது. எவ்வளவு பிரகாசமானதைப் புள்ளியாக எண்ண வேண்டும் என்ற த்ரெஷோல்டைக் குறைத்ததில் பகல் தாவல் இன்னும் மோசமாயிற்று. கேமராவையே மாற்றுவதா, அல்லது 22 ஓமுக்குப் பதிலாக 10 ஓம் வைத்து விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் அனுபவம் உள்ளவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாயிருக்கும்.


உச்சிப்புளி வான்நோக்கி
டிசம்பர் 18, இரவு 11.15

கேமராவை மாற்ற வேண்டாம். 10 ஓமும் இப்போதைக்கு வேண்டாம். மூன்று குறைகளையும் ஒரே நோயின் மூன்று அறிகுறிகளாக எண்ணி ஒரே மருந்தைத் தேடுவதால்தான் உங்களுக்கு வழி புலப்படவில்லை என்று நினைக்கிறேன். என் கணிப்பில் இவை மூன்றும் தனித்தனிக் காரணம் உடையவை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டதால் குழப்பம் பெரிதாகத் தெரிகிறது.

பகல் தாவலை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் பகுதி 9 டிகிரி வட அட்சத்துக்குச் சற்று மேலே இருப்பதால், ஆடி மாதத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு வடக்கே நிற்கும். தெற்குப் பார்த்த சன்னலில் நேர்வெயில் விழாது. மார்கழியிலோ சூரியன் நாள் முழுவதும் தெற்கே சாய்ந்தே போகிறது. நண்பகலிலேயே உச்சிக்கு 33 டிகிரி தெற்கே நின்று, இரண்டு மணிக்கு மேல் தென்மேற்கில் இறங்கி, உங்கள் சன்னலுக்குள் நேராக நுழைகிறது. கருவி மாறவில்லை, வெயில் மாறியிருக்கிறது. நீங்கள் ஒட்டிய படச்சுருள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் நிறுத்தும். சூரியஒளியில் ஏராளமாக இருக்கும் அகச்சிவப்பு உங்கள் எல்.இ.டி.யின் ஒளியைப் போலவே தாராளமாக உள்ளே போகும்.

கறுப்புத் திரை போட்டிருக்கிறேனே என்று கேட்பீர்கள். துணிக்கு ஏற்றும் கறுப்புச் சாயங்களில் பல, நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே விழுங்குகின்றன. அகச்சிவப்புக்கு அந்தச் சாயம் இருப்பதே தெரியாது. ஆகவே நமக்குக் கறுப்பாகத் தெரியும் திரை, கேமராவுக்கு வெயிலில் காயப்போட்ட வெள்ளை வேட்டியாகத் தெரியலாம். ஊகம் வேண்டாம், சோதித்துப் பாருங்கள். நாளை பகல் மூன்று மணிக்கு எல்.இ.டி.யின் யூ.எஸ்.பி. முனையைக் கழற்றிவிட்டு, ஓப்பன்டிராக்கில் கேமரா படம் தெரியும் சிறு கட்டத்தை மட்டும் பாருங்கள். விளக்குகள் அணைந்திருக்கையில் அந்தப் படம் அமாவாசை இருட்டாக இருக்க வேண்டும். அதில் எது பளிச்சிட்டாலும் அதுவே உங்கள் பகையாளி. மூன்றுக்கு மேற்பட்ட வெளிச்சங்கள் தெரிந்தால், எவை உங்களுடையவை, எவை சூரியனுடையவை என்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது. தவறான மூன்றை எடுத்துக்கொண்டு உங்கள் தலை கூரையைப் பார்க்கிறது என்று கணக்குப் போட்டுவிடும். த்ரெஷோல்டைக் குறைத்தபோது மோசமானதற்கும் இதுவே காரணம். நீங்கள் மங்கலான அந்நியர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டீர்கள்.

இடப்பக்க உறைவு வடிவமைப்பில் உள்ள குறை. விளக்குகள் உள்ள பட்டை, அதாவது கிளிப், இடது காதின் பக்கம் இருக்கிறது. நீங்கள் இடப்பக்கம் திரும்பும்போது இடது காது கேமராவை விட்டுப் பின்னே போகிறது, தலை குறுக்கே வருகிறது. வலப்பக்கம் திரும்பும்போது அதே காது கேமராவை நோக்கி முன்னே வருகிறது. விளக்குகளின் கோணமும் இதில் சேர்ந்துகொள்ளும். ரிமோட்டுகளுக்கான எல்.இ.டி.களைப் போலக் குறுகிய கோணத்தில் ஒளி வீசும் வகையாக இருந்தால், சற்றுத் திரும்பியதும் கேமராவுக்கு அவை அணைந்ததுபோலத் தெரியும். எல்.இ.டி.யின் குமிழ்த்தலையை நைசான உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டால் ஒளி பரவலாக வீசும். நேரெதிரே பிரகாசம் குறையும் என்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை. கூடவே கிளிப்பை வலப்பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். விமானநிலையத்தைச் சுற்றி இறங்கும் வழக்கமான சுற்று இடப்பக்கச் சுற்று. ஓடுதளம் எப்போதும் இடது தோளுக்கு மேலாகத்தான் தெரியும். அதிகம் பார்க்க வேண்டிய பக்கம் எதுவோ அந்தப் பக்கமே மறைவதாகக் கிளிப்பை வைத்திருக்கிறீர்கள். நானும் முதலில் அப்படித்தான் வைத்தேன். மைக் இடப்பக்கம் இருக்கும் ஹெட்போனில் கையும் தானாக அந்தப் பக்கமே போகிறது.

இரவு நடுக்கம்தான் உண்மையில் யோசிக்க வைக்கிறது. ஒரு கணக்கு சொல்கிறேன். ஐ கேமராவின் லென்ஸ் வளையத்தைச் சிவப்புப் புள்ளியில் வைத்தால் பார்வைக்கோணம் 56 டிகிரி. நீலப் புள்ளியில் 75 டிகிரி. 56 டிகிரியில், 640-க்கு 480 என்ற அளவில், நீங்கள் 70 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஒரு பிக்சல் என்பது உங்கள் தலையருகே ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர். நடு விளக்கு 40 மில்லிமீட்டர் விலகி இருப்பதால், தலை ஒரு டிகிரி திரும்பும்போது அது மற்ற இரண்டையும் நோக்க 0.7 மில்லிமீட்டர்தான் நகரும். முழுதாக ஒரு பிக்சல்கூட இல்லை. ஆக, ஒரு பிக்சல் தடுமாற்றம் தலையில் ஒன்றேகால் டிகிரிக்கும் மேற்பட்ட தடுமாற்றமாகும். நீங்கள் 30 டிகிரித் திருப்பத்தை 150 டிகிரியாகப் பெருக்கியிருந்தால், திரையில் அது ஆறு, ஏழு டிகிரியாக ஆடும். ஆடியில் இது தெரியாமல் இருந்ததற்குக் காரணம், ஒவ்வொரு விளக்கும் படத்தில் பல பிக்சல் அகலமுள்ள வட்டமாக விழுந்து, அதன் மையத்தை மென்பொருள் பிக்சலின் பின்னம் வரை துல்லியமாகக் கணித்ததுதான். வட்டம் சிறுத்து ஓரிரு பிக்சலாகிவிட்டால் அந்தத் துல்லியம் போய்விடும். எனவே என் கேள்வி ஒன்றே: இரவில் பார்க்கும்போது உங்கள் புள்ளிகள் எவ்வளவு பெரியவை? மூன்றும் சிறுத்திருக்கின்றனவா, ஒன்று மட்டுமா?


தொண்டித் துறை
டிசம்பர் 19, காலை 7.05

இரவு நடுக்கத்துக்கு அறை விளக்கும் காரணமாகலாம். குண்டு பல்பு எரிந்தால் அதன் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கேமரா விநாடிக்கு 60 படம் எடுத்தால் இரண்டுக்கும் இடையே ஓர் அலைவு தோன்றும். மேலும் குண்டு பல்பின் ஒளியில் பெரும்பகுதி அகச்சிவப்பே. எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுப் பார்த்தீர்களா?


தென்கடல்வாசி
டிசம்பர் 19, மாலை 6.20

இருவருக்கும் நன்றி. தொண்டி நண்பர் சொன்ன சோதனையை, அவர் சொல்லும் முன்பே, நேற்றிரவு எல்லாவற்றையும் அணைத்துச் செய்து பார்த்திருந்தேன். நடுக்கம் அப்படியே இருந்தது. எங்கள் வீட்டில் குண்டு பல்பு பூசையறையில் மட்டும்தான்.

இன்று மூன்று மணிக்கு எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறுப்புத் திரை என்று நான் நம்பிக்கொண்டிருந்தது, படத்தில் பால்போல வெளுத்து நின்றது. அதன் மடிப்புகள்கூடத் தெரிந்தன. போதாததற்கு, பக்கத்து அலமாரியில் இருந்த எவர்சில்வர் செம்பின் கழுத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொட்டு. அது கிளிப்பின் விளக்கைவிடப் பிரகாசமாக இருந்தது. செம்பை எடுத்து அடுக்களையில் வைத்துவிட்டேன். திரைக்கு வெளிப்புறம் பனையோலைத் தட்டி ஒன்றைக் கட்டியிருக்கிறேன். அதன் இடுக்குகளில் மட்டும் இப்போது கோடுகோடாக ஒளி வருகிறது, அதற்குப் பின்னால் அட்டை வைத்தால் அதுவும் நின்றுவிடும்.

புள்ளிகளைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்றும் ஒன்றுபோலச் சிறுத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு பிக்சல் இருந்தால் அதிகம். ஆடியில் நான் எடுத்து வைத்திருந்த கணினித் திரையின் படத்தில் அவை ஐந்து பிக்சலுக்குக் குறையவில்லை. கேமராவின் ஒளி அளவை முடிவு செய்யும் எக்ஸ்போஷரையும் கெய்னையும் நான் தொடவில்லை. தானியங்கி அமைப்பு தொடக்கத்திலிருந்தே அணைக்கப்பட்டுள்ளது.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. ஐப்பசி மழையில் ஈரம் பட்டு அந்தப் பழைய நெகட்டிவ் துண்டு சுருண்டு லென்சை விட்டுப் பிரிந்துவிட்டது. அதற்குப் பதிலாக வீட்டில் இருந்த எக்ஸ்ரே படத்தின் நல்ல கறுத்த ஓரத்தை வெட்டி இரண்டு அடுக்காக ஒட்டினேன். கறுப்புக்குக் கறுப்பு சரியாகப் போயிற்று என்று அதைப் பெரிதாக எண்ணவில்லை.


அரண்மனைவாசல் நெகட்டிவ்
டிசம்பர் 19, இரவு 8.50

தம்பி, இராமநாதபுரத்தில் பல ஆண்டுகள் ஸ்டுடியோ வைத்திருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கறுப்புக்குக் கறுப்பு சரியாகப் போகாது. அங்கேதான் நீங்கள் தவறிவிட்டீர்கள்.

வண்ண நெகட்டிவைக் கழுவும்போது, படத்தை உண்டாக்கிய வெள்ளித் துகள்கள் அனைத்தும் கரைத்து வெளியேற்றப்படுகின்றன. சுருளில் எஞ்சுவது சாயம் மட்டுமே. வெளிச்சம் முழுதாகப் பட்ட சுருள் முனை கழுவிய பிறகு கறுப்பாகத் தெரிவது அந்தச் சாயங்களின் திரட்சியால். அச்சாயங்கள் அகச்சிவப்பை வழிமறிப்பதில்லை. உங்கள் சன்னல் திரையின் கதையேதான் இது. அங்கே கெடுத்தது இங்கே உதவுகிறது. எக்ஸ்ரே படமோ கறுப்பு வெள்ளைப் படத்தின் இனம். அதில் கறுப்பாக இருப்பது வெள்ளியே. வெள்ளித் துகள் கண்ணுக்குத் தெரியும் ஒளி, தெரியாத ஒளி என்று பேதம் பார்க்காமல் எல்லாவற்றையும் மறிக்கும். நல்ல கறுத்த ஓரமாகப் பார்த்து அதையும் இரண்டு அடுக்காக ஒட்டியிருக்கிறீர்கள் என்றால், கேமராவுக்குக் கறுப்புக் கண்ணாடியின் மேல் இன்னொரு கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டிருக்கிறீர்கள்.

பழைய ஸ்டுடியோ எதிலாவது கேட்டால், வண்ணச் சுருளின் தொடக்கத்தில் வெளிச்சம் பட்டுக் கறுத்த துண்டுகள் இன்னும் ஏதாவது டப்பாவில் கிடக்கும். கையில் எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம். கண்ணுக்கு இருட்டாக இருக்கும், ஆனால் அகச்சிவப்பு முழுவதும் உள்ளே போய்விடும், கண்ணும் கூசாததால் தெரியாமலே கெடும். கேமராவின் முன்னால் பிடித்துப் பாருங்கள். இரண்டு அடுக்கு போதுமானது. இந்த முறை ஓரங்களில் ஒட்டுநாடாவை முழுதும் சுற்றி ஒட்டுங்கள். சுருளின் ஜெலட்டின் பக்கம் ஈரத்தை இழுக்கும், கடற்கரையில் அது சுருளாமல் இருந்தால்தான் அதிசயம்.


தென்கடல்வாசி
டிசம்பர் 21, இரவு 10.10

ஐயா சொன்னபடி நேற்று டவுனுக்குப் போய் நெகட்டிவ் துண்டு வாங்கி வந்து மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. இரண்டு பிக்சலாக இருந்த புள்ளிகள் மூன்று, மூன்றரை பிக்சல் ஆகிவிட்டன. நடுக்கம் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. ஆனால் ஆடியில் இருந்த ஐந்து பிக்சல் திரும்பவில்லை. அதோடு புதிதாக ஒன்றைக் கவனித்தேன்: தலையை அசைக்காமல் கிளிப்புக்குப் போகும் வயரை மட்டும் விரலால் தட்டினால், மூன்று புள்ளிகளும் ஒருசேரப் பெருத்துச் சிறுக்கின்றன. இப்போதாவது 10 ஓம் வைக்கலாமா?


பாம்பன் பட்டறை
டிசம்பர் 22, காலை 6.30

வைக்காதீர்கள். நான் விசைப்படகுகளின் வயர்லெஸ், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் ஆகியவற்றைப் பழுது பார்க்கிறவன். தலைத்தொடர் கருவியை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் நீங்கள் கடைசியாக எழுதிய வரியில் உள்ள நோயை வாரத்துக்கு நான்கு முறை பார்க்கிறேன்.

மூன்று விளக்குகளும் தொடராக இருக்கின்றன. தொடர் இணைப்பில் மூன்றுக்கும் ஒரே மின்னோட்டம்தான். ஒரு விளக்கு மட்டும் மங்கினால் அந்த விளக்கைச் சந்தேகிக்கலாம். மூன்றும் சேர்ந்து மங்கினால் குற்றவாளி விளக்கல்ல, வழி. உங்கள் இணைப்பில் மூன்று எல்.இ.டி.யும் சேர்ந்து 4.2 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட்டில் மிச்சம் 0.8 வோல்ட். அந்த 0.8 வோல்ட்டை 22 ஓமால் வகுத்தால் 36 மில்லி ஆம்பியர். இதுதான் நீங்கள் எண்ணியிருந்த மின்னோட்டம். கையிருப்பு இவ்வளவு குறைவாக இருக்கும் இணைப்பில், வழியில் ஓர் இருபது ஓம் கூடுதலாக முளைத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ பாதியாகிவிடும். ரெசிஸ்டரை 10 ஓமாகக் குறைத்தால் அந்த இருபது ஓமின் ஆட்டம் இன்னும் பெரிதாகத் தெரியும். இணைப்பு நன்றாக இருக்கும் நொடியில் மின்னோட்டம் 60, 70 மில்லி ஆம்பியருக்கு எகிறும், கெட்ட நொடியில் மறுபடி விழும். நடுக்கத்தை நீங்களே ஊட்டி வளர்ப்பதாக ஆகும்.

அந்த இருபது ஓம் எங்கிருந்து முளைக்கும் என்பது கடற்கரையில் இருப்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாடைக்காலத்தில் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து வருகின்றன. உப்பு தானே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் பற்றவைக்கும்போது டப்பாவில் வரும் சால்டரிங் பேஸ்ட்டைப் பூசி, பிறகு துடைக்காமல் விட்டிருந்தால், அதில் உள்ள அமிலம் உள்ளிருந்து அரிக்க, உப்புக்காற்று வெளியிலிருந்து அரிக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பச்சைக் களிம்பு பூக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் பிரிக்காமலே உறுதி செய்யலாம். விளக்குகள் எரியும்போதே 22 ஓம் ரெசிஸ்டரின் இரு கால்களிலும் மீட்டரை வைத்து வோல்ட்டைப் பாருங்கள். அந்த ரெசிஸ்டரே உங்களுக்கு அம்மீட்டர்: 0.8 வோல்ட் காட்டினால் வழி நலம், 0.4-க்குக் கீழே காட்டினால் வழியில் திருட்டு. அடுத்து யூ.எஸ்.பி. முனையில் ஒருமுறையும், கிளிப்பில் வயர் வந்து சேரும் இடத்தில் ஒருமுறையும் அளந்தால், இடையில் எவ்வளவு தொலைகிறது என்று தெரிந்துவிடும். விளக்கு எரியாமல் அளந்தால் இரண்டு இடத்திலும் 5 வோல்ட்தான் காட்டும். அதை நம்பி ஏமாறாதீர்கள். மின்னோட்டம் ஓடினால்தான் கெட்ட இணைப்பு தன் வேலையைக் காட்டும்.

வயரை வெட்டும்போது உறையை உரித்து உள்ளே உள்ள செம்பைப் பாருங்கள். கறுத்திருந்தால் அதில் ஈயம் ஒட்டாது. பளபளப்பான செம்பு வரும் வரைக்கும் அங்குலம் அங்குலமாக வெட்டிக்கொண்டே போக வேண்டும், அல்லது முழு வயரையும் மாற்ற வேண்டும். படகுக்கு நாங்கள் போடுவது ஈயம் பூசிய செம்பு இழை வயர்; ஒரு முழம் கேட்டால் எந்தப் பட்டறையிலும் கொடுப்பார்கள். பேஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரோசின் உள்ளே உள்ள ஈயக்கம்பியால் பற்றவையுங்கள். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்ந்த பின் நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு பூச்சு பூசுங்கள். எல்.இ.டி.யின் தலையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயர் கிளிப்பை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பட்டையோடு கட்டிவிட்டால், தலையைத் திருப்பும்போது இழுப்பு பற்றுமுனையின்மேல் விழாது.


தென்கடல்வாசி
டிசம்பர் 25, இரவு 9.00

அளந்துவிட்டேன், அண்ணன். யூ.எஸ்.பி. முனையில் 5 வோல்ட். கிளிப்பில் வயர் சேரும் இடத்தில் 4.2 வோல்ட், ரெசிஸ்டரில் 0.31 வோல்ட். அதாவது 36 மில்லி ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 14 ஓடிக்கொண்டிருந்தது. வயரைத் தட்டினால் 0.31 என்பது 0.2-க்கும் 0.5-க்கும் இடையே ஊசலாடியது. முக்கால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்திருக்கிறது.

பற்றவைத்த இடத்தை மூடியிருந்த ஸ்லீவை உரித்தபோது பற்றுமுனையைச் சுற்றி மயில்கழுத்து நிறத்தில் மாவு பூத்திருந்தது. நகத்தால் கீறினால் உதிர்ந்தது. எதிர்முனை வயரில் ஏழெட்டு இழைகளில் இரண்டுதான் பிடித்துக்கொண்டிருந்தன, மற்றவை விரல் பட்டதும் ஒடிந்தன. சால்டரிங் பேஸ்ட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது, நீங்கள் என் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டீர்களோ என்று தோன்றியது. அந்த டப்பா அங்கேதான் இருந்தது, எல்.இ.டி. பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே. உறையை உரித்தால் இரண்டு முழம் வரைக்கும் செம்பு கறுத்தே வந்தது. முழு வயரையும் மாற்றிவிட்டேன்.

இப்போது கிளிப்பில் 4.95 வோல்ட், ரெசிஸ்டரில் 0.77 வோல்ட். புள்ளிகள் ஐந்து பிக்சலுக்கு வந்துவிட்டன. அக்செலாவின் மென்மையைப் பழைய அளவுக்கே குறைத்தும் பார்வை ஆடவில்லை. மதிய வெயிலிலும் தாவல் இல்லை. தட்டிக்குப் பின்னால் அட்டையும் வைத்தாயிற்று.

கிளிப்பை வலப்பக்கத்துக்கு மாற்றி, மூன்று எல்.இ.டி.களின் தலைகளையும் உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கினேன். இடப்பக்கம் 60 டிகிரி வரை பார்வை உறையாமல் போகிறது. ஆனால் ஒன்று மட்டும் மிச்சம்: தலையை இடம் வலமாகத் திருப்பினால் மட்டும் போதும், விமானியின் இருக்கையே பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்து வருகிறது. முன்பு இப்படி இல்லை.


உச்சிப்புளி வான்நோக்கி
டிசம்பர் 25, இரவு 9.45

அது கோளாறு இல்லை. கிளிப் இடம் மாறியதை மென்பொருளுக்கு நீங்கள் இன்னும் சொல்லவில்லை. தலையின் சுழல்மையம் கிளிப்பிலிருந்து எந்தத் திசையில், எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற கணக்கு அதனிடம் இடது காதுக்கு உரியதாகவே இருக்கிறது. வலப்பக்கம் வந்த பிறகும் அது பழைய திசையிலேயே மையத்தைத் தேடுவதால், நீங்கள் திரும்புவதை நகர்வாகவும் சேர்த்து எண்ணிக்கொள்கிறது.

பாயிண்ட்டிராக்கர் அமைப்பில் மாடல் பொசிஷன் பகுதிக்குப் போய், இந்தக் கணக்கைப் புதிதாக அளந்துகொள்ளும் கேலிபரேஷனைத் தொடங்குங்கள். முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டு, இடம் வலமாகத் திரும்புவதையும் மேலும் கீழுமாக நிமிர்ந்து குனிவதையும் மட்டும் மெதுவாகச் செய்யுங்கள். தலையைத் தோளின் பக்கம் சாய்க்கக் கூடாது. உடம்பை முன்னே பின்னே நகர்த்தவும் கூடாது. எண்கள் ஓரிடத்தில் நிலைத்ததும் நிறுத்திவிடுங்கள். லென்ஸ் வளையம் சிவப்புப் புள்ளியில் இருந்தால் அமைப்பில் 56 டிகிரி என்று இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது 75 என்று இருந்தால் தொலைவுக் கணக்கு முழுவதும் பிசகி, கேலிபரேஷன் எத்தனை முறை செய்தாலும் சரியாக வராது.


தென்கடல்வாசி
டிசம்பர் 26, காலை 7.20

75 என்றுதான் இருந்தது. மறுபடி நிறுவியபோது நான்தான் மாற்றிவைக்க மறந்திருக்கிறேன். 56 ஆக்கிவிட்டு இரண்டு நிமிடம் கேலிபரேஷன் செய்தேன். இருக்கை இப்போது இருந்த இடத்திலேயே இருக்கிறது. மதுரையிலிருந்து கிளம்பி, பாம்பன் பாலத்துக்கு மேலே இடப்பக்கச் சுற்றாக மூன்று முறை வட்டமடித்தேன். மூன்று முறையும் பாலம் இடது தோளுக்குக் கீழேயே நின்றது.